வெட்டுவதற்கென ஒரு வரி

ஹொரேஸ் பெண்டிலை நான் பார்த்ததில்லை.
கையெழுத்தைத்தான் தெரியும்.
'டி'யின் குறுக்குக்கோடு எப்போதும் நழுவி
பக்கத்து எழுத்தின் தலையில் உட்காரும்,
அவசரத்தில் மாற்றி மாட்டிய தொப்பிபோல்.

பகலில் டெப்ட்ஃபோர்டு பக்கம் ஒரு ரயில் நிலையத்தில்
தொலைந்த பொருட்களுக்குக் குமாஸ்தா.
குடைகள். ஒற்றைக் கையுறைகள்.
ஒருமுறை, காகிதத்தில் சுற்றிய பல்செட்.
இரவில் பார்சல் ரசீதுகளின் முதுகில் கதை.
ஆயிரம் சொல்லுக்கு ஒரு கினி.
ஓரத்தில் பென்சிலால் சொற்களை எண்ணிய கணக்கு,
அதன் கீழேயே
நிலக்கரி பாக்கி, பூட்ஸுக்கு அடித்தோல்.

நான் கம்பாசிட்டர். ஷூ லேனில் இரண்டாவது மாடி.
எனக்கு எல்லாக் கதையும் தலைகீழ்தான்.
யார் செத்தார், யார் யாரை மணந்தார் என்பதைவிட
எந்தப் பத்தியில் எழுத்து தீர்ந்துபோகும் என்பதே கவலை.

நவம்பர் இதழ். அவருடைய கூண்டுக் கதை.
ரயிலில் காலிப் பறவைக்கூண்டை விட்டுவிட்டு
ஒருத்தி எங்கோ இறங்கிவிடுகிறாள்.
வாங்கிப்போகப் புருஷன் வருகிறான்.
வீட்டில் அதை ஜன்னலோரம் மாட்டுகிறான்,
தண்ணீர்க் கிண்ணத்தை நிரப்புகிறான்.
அதற்குப் பின் ஒரு வரி:
*அவள் இனி வரமாட்டாள் என்று அப்போது அவனுக்குப் புரிந்தது.*

அந்த ஒரு வரிக்கு இடமில்லை.
கீழே மீசை மெழுகு விளம்பரம்.
காசு கட்டியவன் நகரமாட்டான்.
ஆசிரியர் சாப்பிடப் போயிருந்தார்.
ஃபோர்மன் கிளெக் கடிகாரத்தைப் பார்த்தான்,
நான் வரியை எடுத்துவிட்டேன்.

மூட்டை மூட்டையாகக் கடிதங்கள்.
சொல்லாமல் விட்ட துணிச்சலாம்.
ஒரு பாதிரியார் அந்தத் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்து
ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கமே செய்தாராம்.
பெண்டில் பெரிய ஆளாகிவிட்டார்.
கினி ஒன்றரையாயிற்று.

எனக்கு ஒரு துண்டுச்சீட்டு வந்தது.
'கம்பாசிட்டர் அவர்களுக்கு,
என் வரியைத் தின்றவர் நீங்கள்தானே?
செரித்ததா?
எனக்கு அது மூன்று ராத்திரி வேலை.'

அடுத்த கதையின் முடிவில்
ஒரு வரி மட்டும் தள்ளி நின்றது,
பக்கத்தில் பென்சிலில்:
'இது வெட்டுவதற்கு.'

அதிலிருந்து ஒவ்வொரு கதைக்கும் அப்படி ஒன்று.
இடமிருந்தாலும் வெட்டினேன்.
ஒருமுறை மனம் வராமல் விட்டுவிட்டேன்,
அந்த மாதம் ஒரு கடிதம்கூட வரவில்லை.

வெட்டப்போவதைக் கோர்ப்பானேன் என்று கேட்கலாம்.
கோர்த்தேன். நூலால் கட்டி
கீழ் அறையில் போட்டேன்.
பதினேழு வரிகள்.
ஒரு மழை மதியம் வரிசையாய் வைத்துப் பார்த்தேன்,
சேர்த்துப் படித்தால் ரகசியமாய் ஒரு கதை வருமென்று.
வரவில்லை. பதினேழு வாசல்கள், வீடு இல்லை.

மார்ச்சில் நெஞ்சுச்சளி அவரைக் கொண்டுபோயிற்று.
கடைசிக் கதையைத் தங்கை இஸோபெல் அனுப்பினாள்.
அதில் தள்ளி நின்ற வரி இல்லை.
முதுகைத் திருப்பிப் பார்த்தேன்:
'பெண்கள் மழைச்செருப்பு, இடது கால், ஒன்று.
பிளாட்ஃபாரம் இரண்டு.'
அவ்வளவுதான்.
பக்கத்தின் அடியில் சரியாக ஒரு வரிக்கு இடம் மிஞ்சியது.
கோடு போடு என்றான் கிளெக்.
நான் வெறும் ஈயம் வைத்தேன்.

கோடையில் இரண்டு நாள் லீவு எடுத்தேன்.
திரும்பி வந்தால் கீழ் அறை காலி.
எழுத்துத் தட்டுப்பாடாம்,
கிளெக் பதினேழையும் அவிழ்த்து
பெட்டியில் கலைத்துவிட்டான்.
சண்டை போடவில்லை. போட்டு என்ன சொல்ல?

அந்த வாரம் மெய்ப்புகளை மெதுவாகப் படித்தேன்.
சோப்பு விலை, குதிரை ஏலம்,
கிரீனிச்சில் வாடகைக்கு அறை, சமையல் கிடையாது.
எல்லாவற்றிலும் எங்கோ எழுத்தெழுத்தாக
அவள் வராமலிருந்தாள்.